உறையும் நீரும் உடையும் யந்திரமும்



மார்கழி மாதத்து வைகறைப் பொழுதில் சிதம்பரம் சிவகங்கைத் தீர்த்தத்தின் படிகளில் இறங்கி நிற்பவருக்கு, நீர் பனிக்கட்டி போல் குளிர்ந்திருப்பதாகத் தோன்றும். ஆனால் வெப்பமானி ஒன்றை அந்நீரில் அமிழ்த்திப் பார்த்தால், அது 20 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலேயே நிற்கும். நீர் உறைவதற்கு அது பூஜ்யம் வரையில் இறங்கியாக வேண்டும். கடலூர் மாவட்டத்தில் குளம் உறைந்தது என்றோ, குளிரால் குழாய் வெடித்தது என்றோ நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டதில்லை. இத்தகைய நாட்டில் இருந்துகொண்டு, நீச்சல் குளத்துப் பம்புகளை உறைபனியிலிருந்து காப்பது எப்படி என்று பேசுவது பொருத்தந்தானா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம்.

பொருத்தமே என்று கூறுவேன். அதற்குக் காரணங்கள் இரண்டு. இம்மாவட்டத்தில் படித்துப் பட்டம் பெறுவோர் இன்று டொராண்டோவிலும் ஹூஸ்டனிலும் தொழில் புரிகிறார்கள். அங்கே வீடு வாங்கி வாழ்கிறார்கள். உறைபனி அவர்களுக்கு ஏட்டுச் செய்தி அன்று. இது முதற் காரணம். இரண்டாவது காரணம் இதனினும் பெரிது. ஒரு சிறு பம்பு உடைவதற்கும் ஒரு பெரிய மாநிலம் இருளில் மூழ்குவதற்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும் என்பதை 2021ஆம் ஆண்டில் உலகம் கண்டது. அந்நிகழ்ச்சியில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதனை அறிய, முதலில் நீரின் இயல்பை அறிதல் வேண்டும்.

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும். திரவ நிலையிலிருந்து திட நிலையை அடையும்போது மேலும் சுருங்கும். நீரோ இவ்விதிக்கு விலக்கானது. அது 4 டிகிரி வரையில் மற்றவற்றைப் போலச் சுருங்குகிறது. அதற்குக் கீழே குளிர்ந்தால் மெல்ல விரியத் தொடங்குகிறது. உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகிவிடுகிறது. பனிக்கட்டி நீரில் மிதப்பது இதனாலேயே. நீரின் மூலக்கூறுகள் உறையும்போது நெருங்கி அடுக்கப்படாமல், நடுவே வெற்றிடம் விட்டு அறுகோண அமைப்பில் கைகோத்து நிற்கின்றன. கூட்டமாக நெருக்கி நின்ற மக்கள் கைகளை நீட்டிக் கோத்துக் கும்மியடிக்கத் தொடங்கினால் முற்றம் போதாமற் போவது போன்றது இது.

விரிவதற்கு இடம் இருந்தால் தீங்கில்லை. இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கனடாவின் கியூபெக் நகரில் 1784, 1785ஆம் ஆண்டுகளில் பீரங்கிப் படையின் அதிகாரியான மேஜர் எட்வர்டு வில்லியம்ஸ் என்பவர் இதனைச் சோதித்துப் பார்த்தார். உள்ளே வெற்றிடம் கொண்ட இரும்புக் குண்டுகளில் நீரை நிரப்பி, வாயை இரும்பு அடைப்பால் இறுக அடைத்து, கடுங்குளிரில் வெளியே வைத்தார். நீர் உறைந்தபோது அடைப்பு பிய்த்துக்கொண்டு 400 அடிக்கும் அப்பால் போய் விழுந்தது. அடைப்பு அசையாது நின்ற இடத்தில் இரும்புக் குண்டே பிளந்தது. வெடிமருந்து செய்யும் வேலையை வெறும் நீர் செய்துவிட்டது!

அந்த ஆற்றலுக்கு அளவும் உண்டு. முற்றிலும் அடைபட்ட நீர் உறைய முயலும்போது, பூஜ்யத்திற்குக் கீழே 22 டிகிரிக் குளிரில், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2,000 கிலோகிராம் எடைக்குச் சமமான அழுத்தம் வரையில் உண்டாகக்கூடும். நீச்சல் குளத்தின் பம்பும் வடிகட்டியும் பெரும்பாலும் 3 அல்லது 4 கிலோகிராம் அழுத்தத்தைக் கருதியே செய்யப்படுபவை. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உறைபனியைத் தடித்த சுவரால் எதிர்க்க நினைப்பது வீண் என்பது விளங்கும். நீர் உறையாமற் காக்க வேண்டும். அல்லது உறைவதற்கு அங்கே நீரே இல்லாமற் செய்ய வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

இனி நீச்சல் குளத்திற்கு வருவோம். குளத்து நீர் அப்படியே நின்றுகொண்டிருந்தால் சில நாட்களில் பாசி பிடித்துக் கெட்டுவிடும். ஆகவே ஒரு பம்பு அந்நீரை உறிஞ்சி, வடிகட்டியின் வழியே செலுத்தி, மறுபடியும் குளத்திற்கே அனுப்புகிறது. சில இடங்களில் நீரைச் சூடாக்கும் சாதனமும் இதனோடு இணைந்திருக்கும். குளம் நிலத்தில் புதைந்திருக்கிறது. பம்பும் வடிகட்டியும் இவற்றை இணைக்கும் குழாய்களும் நிலத்திற்கு மேலே, திறந்த வெளியில், காற்றுப் படும்படி நிற்கின்றன. குளிர்காலத்தில் முதலில் பலியாகுபவை இவையே.

ஏன் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 75,000 லிட்டர் நீர் கொள்ளும் ஒரு குளத்தில் நீரின் உஷ்ணநிலை 10 டிகிரி என்று கொள்வோம். அது பூஜ்யத்திற்கு இறங்க 7,50,000 கிலோகலோரி வெப்பத்தை இழக்க வேண்டும். பின்னர் முழுவதும் கட்டியாக உறைவதற்கு, லிட்டருக்கு 80 வீதம், மேலும் 60,00,000 கிலோகலோரி இழக்க வேண்டும். ஓரிரு இரவுகளில் இது நடவாது. மேலே பனிப்படலம் படர்ந்தாலும், அது கீழே உள்ள நீருக்குப் போர்வையாகி மேற்கொண்டு குளிர்வதைத் தாமதப்படுத்துகிறது. பம்பின் வயிற்றில் உள்ள நீரோ 5 லிட்டர் இருக்கலாம். அது பூஜ்யத்திற்கு இறங்க 50 கிலோகலோரியும், உறைந்து கட்டியாக 400 கிலோகலோரியும் இழந்தால் போதும். அதுவும் எல்லாப் பக்கங்களிலும் வாடைக் காற்று தழுவி நிற்கும்போது! பெருஞ்செல்வன் பல நாள் செலவைத் தாங்குவான். அன்றாடங்காய்ச்சி ஒரே நாளில் வறியவனாவான். வெப்பச் செல்வத்திற்கும் இது பொருந்தும்.

குழாய் உடையும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பனி உறைந்த இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்று நாம் எண்ணுவோம். பல சமயங்களில் அவ்வாறு நிகழ்வதில்லை. குழாயின் ஓரிடத்தில் நீர் உறைந்து தக்கை போல அடைத்துக்கொள்கிறது. அத்தக்கை நீளமாக வளர வளர, அதற்கும் மூடிய வால்வுக்கும் இடையே அகப்பட்ட நீர் நெருக்குண்கிறது. அந்நெருக்கம் தாங்காமல், இன்னும் உறையாத பகுதியிலே குழாய் பிளக்கிறது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 1990களில் செய்த ஆராய்ச்சிகள் இதனைத் தெளிவாகக் காட்டின. குழாய்க் கோடியை மூடாமல் நீரைச் சிறிது சொட்டவிட்டால் குழாய் பிழைப்பதற்கு இதுவே முக்கியமான காரணம். சொட்டுகின்ற வாய் வழியே அழுத்தம் தணிந்துவிடுகிறது.

நம் தமிழ்நாட்டில் உதகமண்டலத்தை அடுத்த தலைக்குந்தாவிலும் காந்தலிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளி வெண்மையாக உறைந்திருப்பதைக் காணலாம். அங்கே அக்குளிர் விடியற்காலத்துச் சில மணி நேரமே நிற்கும். கதிரவன் எழுந்ததும் உறைபனி உருகிவிடும். லடாக்கிலோ மாதக்கணக்கில் உறைபனி நீங்காது. ஆகவே அங்கே நீர்க்குழாய்களைக் குளிர் எட்டாத ஆழத்தில் புதைக்கிறார்கள். எப்போதும் குளிரும் நாட்டார் அதற்கேற்ப வீட்டையும் குழாயையும் அமைத்துக்கொள்வார்கள். ஒருபோதும் குளிராத நாட்டாருக்கு அக்கவலையே இல்லை. எப்போதோ ஒரு முறை கடுங்குளிரைக் காணும் நாட்டாருக்கே பேரிடர் காத்திருக்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் அத்தகையது. அதன் பெருநகரமாகிய ஹூஸ்டன், மெக்சிகோ வளைகுடாவை அடுத்த தாழ்ந்த சமவெளியில் இருக்கிறது. கோடையில் வெயிலும் புழுக்கமும் நம் கடலூரை நினைவூட்டும். அருகில் உள்ள பியர்லாந்தில் மீனாட்சியம்மைக்குக் கோயில் எடுத்து வழிபடும் தமிழர்களும் அங்கே வாழ்கிறார்கள். வெயில் மிகுந்த அந்நாட்டில் வீட்டுக்கு வீடு நீச்சல் குளம் வைத்துக்கொள்வது பெருவழக்கு. குளிர்காலத்திலும் அவற்றை மூடுவதில்லை. பம்புகள் ஆண்டு முழுவதும் ஓடும்.

எப்போதாவது வரும் உறைபனிக்கு அவர்கள் ஓர் உபாயம் செய்திருந்தார்கள். பம்போடு இணைந்த ஓர் உணர்கருவி வெளிக்காற்றின் உஷ்ணநிலையைக் கவனித்துக்கொண்டேயிருக்கும். அது 2 அல்லது 3 டிகிரிக்கு இறங்கியதும் பம்பைத் தானாகவே ஓட்டிவிடும். அப்பொழுது குளத்தின் நீர் குழாய்களிலும் வடிகட்டியிலும் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். ஓடுகின்ற நீர் உறையாது என்று மக்கள் பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் காப்பது ஓட்டம் மட்டும் அன்று. முன்பு கூறிய குளத்தின் வெப்பச் செல்வத்திலிருந்து ஒரு சிறு பங்கு, ஒவ்வொரு நிமிஷமும் பம்புக்கு வந்து சேர்கிறது. செல்வனின் கொடையால் வறியவன் பிழைக்கிறான். மிக நேர்த்தியான ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கொடை வந்து சேர வேண்டிய வழி மின்சாரம் ஒன்றே.

2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தின் நடுவில் வடதுருவக் குளிர்காற்று டெக்சாஸ் முழுவதையும் மூடியது. பிப்ரவரி 16ஆம் தேதியன்று டாலஸ் விமான நிலையத்தில் உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழே சுமார் 19 டிகிரிக்கு இறங்கியது. ஹூஸ்டனிலும் பூஜ்யத்திற்குக் கீழே 10 டிகிரியைக் கடந்தது. வீடுகளில் மின்சாரத்தால் வெப்பமூட்டுவோர் மிகுந்ததால் மின்சாரத்தின் தேவை எகிறியது. அதே வேளையில் மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பிப்ரவரி 15ஆம் தேதி பின்னிரவில், மாநிலத்தின் மின்கட்டமைப்பு முழுவதும் நிலைகுலைந்து விழுவதற்குச் சில நிமிஷங்களே இருந்த நிலையில், அதனைக் காப்பாற்றுவதற்காக ஊர் ஊராக மின்சாரத்தை நிறுத்தினார்கள். உச்ச நிலையில் 20,000 மெகாவாட் அளவு நிறுத்தப்பட்டது. 45 லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளும் நிலையங்களும் இருண்டன. பலவற்றில் அவ்விருள் நாட்கணக்கில் நீடித்தது.

மின்நிலையங்கள் ஏன் நின்றன? இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மத்திய அரசின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அவ்வாண்டு நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, மின்னாக்கம் எதிர்பாராது தடைப்பட்டதற்குக் காரணங்களில் நூற்றுக்கு 44 பங்கு, பொறிகளிலும் குழாய்களிலும் ஏற்பட்ட உறைவே ஆகும். எரிவாயுக் கிணறுகளின் வாய்கள் உறைந்தன. அழுத்தத்தை அளந்து தெரிவிக்கும் மெல்லிய குழாய்கள் உறைந்தன. தெற்கு டெக்சாஸ் அணுமின் நிலையத்தின் முதல் உலை பிப்ரவரி 15ஆம் தேதி காலையில் நின்றுபோனது. அணு உலையில் யாதொரு பழுதும் இல்லை. நீராவிக்கு வேண்டிய நீரைச் செலுத்தும் பம்போடு சேர்ந்த ஓர் அழுத்தம் அளக்கும் சிறு குழாயில் நீர் உறைந்தது, அதனால் பிழையான செய்தி சென்றது, பம்பு நின்றது, உலையும் தானாக நின்றது. ஆயிரம் மெகாவாட்டுக்கும் மேற்பட்ட ஆற்றலுடைய நிலையத்தை நிறுத்த, சிறு குழாய் ஒன்றில் உறைந்த நீர் போதுமாயிருந்தது.

இப்போது வீட்டுக் கொல்லையில் நிற்கும் அந்தப் பம்பை நினைத்துப் பாருங்கள். அதனை உறைபனியிலிருந்து காக்க மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தையே உறைபனி நிறுத்திவிட்டது. உணர்கருவி விழித்திருந்தும் பயனில்லை, பம்பு ஓடவில்லை. மிகவும் தேவைப்பட்ட இரவிலேதான் காவலன் இல்லாமற் போனான். எண்ணற்ற வீடுகளில் பம்புகள் பிளந்தன. வடிகட்டிகள் விரிசல் கண்டன. சூடாக்கும் சாதனங்களின் செப்புக் குழாய்கள் வெடித்தன. குளங்களோ சிறிது பனிப்படலத்துடன் தப்பின. வீட்டுக்குள்ளிருந்த குடிநீர்க் குழாய்களும் வெடித்துக் கூரை வழியே நீர் கொட்டியது. அப்புயலால் மாண்டவர்கள் 246 பேர் என்று மாநில சுகாதாரத் துறை கணக்கிட்டது. அவர்களில் மிகுதியானோர் குளிராலேயே இறந்தார்கள். அத்தனை உயிர்களுக்கு முன் பம்பின் விலை ஒரு பொருட்டன்று. ஆயினும் இரண்டு அழிவுக்கும் வேர் ஒன்றே.

அந்த இரவில் செய்யக்கூடியது ஒன்றும் இல்லையா? இருந்தது. மிக எளியதும், மின்சாரம் வேண்டாததும், கையாலே செய்யக்கூடியதுமான வேலை அது. மின்சாரம் நின்று, குளிர் பூஜ்யத்தை நெருங்குகிறதென்றால், முதலில் பம்புக்குரிய மின் சுவிட்சை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் நள்ளிரவில் மின்சாரம் திரும்பும்போது, நீரற்ற பம்போ உறைந்த பம்போ தானாக ஓடத் தொடங்கிச் சிதைந்துவிடும். பின்பு, பம்பின் அடியில் நீரை வடிப்பதற்கென்றே அமைந்துள்ள திருகு மூடிகளைக் கழற்ற வேண்டும். பெரும்பாலான பம்புகளில் இவை இரண்டு இருக்கும். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற அறையில் நீர் தங்கிவிடும். வடிகட்டியின் அடி மூடியையும் திறந்து, அதன் தலையில் உள்ள காற்று வால்வையும் திறந்துவிட வேண்டும். மேலே காற்று நுழைந்தாலன்றிக் கீழே நீர் இறங்காது என்பதை, விரலால் வாயை அடைத்த நீர்க்குழல் உங்களுக்குக் காட்டியிருக்கும். சூடாக்கும் சாதனத்தின் நீரையும் இவ்வாறே வடிக்க வேண்டும். குளம் பம்பை விட உயரத்தில் இருந்தால், அங்கிருந்து நீர் வராதபடி வால்வை மூடிக்கொள்வது அவசியம். கழற்றிய மூடிகளைப் பம்பின் கூடையிலேயே போட்டுவைத்தால் காணாமற் போகா. அரை மணி நேரத்தில் முடியும் வேலை!

கனடா போன்ற நாடுகளில் குளிர்காலம் தொடங்குமுன்பே இதனை ஒரு சடங்கு போலச் செய்துவிடுகிறார்கள். குளத்தின் நீர்மட்டத்தைச் சற்றுக் குறைத்து, குழாய்களில் காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றி, வாய்களை அடைத்துவிடுகிறார்கள். எஞ்சிய நீர் உறையாதிருக்கப் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தை ஊற்றுவதும் உண்டு. மோட்டார் வண்டிகளில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நச்சுடையதாகையால் அதனைக் குளத்துக் குழாய்களில் பயன்படுத்தலாகாது. குளத்து நீர் முழுவதையும் இறைத்துவிடுவதும் தவறு. நிலத்தடி நீர் மேலாக நிற்கும் இடங்களில், காலியான குளத்தைக் கீழிருக்கும் நீர் படகைப் போல மேலே தூக்கிவிடும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. உறைபனியால் நேர்ந்த விரிசல் அன்றே தெரிவதில்லை. உடைந்த வாயைப் பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருக்கும். வெயில் வந்து பனி உருகும்போதுதான் நீர் பீறிடும். ஆகவே குளிர் நீங்கிய மகிழ்ச்சியில் உடனே பம்பை ஓட்டாமல், ஒவ்வொரு பகுதியையும் கண்ணால் பார்த்து, கையால் தடவி, பிறகே ஓட்ட வேண்டும்.

நண்பர்களே, இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றில் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. மின்சாரம் இல்லாததால் நீரேற்றும் மோட்டார்கள் ஓடவில்லை. மேல்நிலைத் தொட்டிகள் வறண்டன. எங்கும் மழைநீர் நிற்க, குடிப்பதற்கு நீர் இல்லை. கைப்பம்பு இருந்த தெருவார் பிழைத்துக்கொண்டார்கள். டெக்சாஸில் பம்பைக் காக்க மின்சாரம் இல்லை. கடலூரில் பம்பை ஓட்ட மின்சாரம் இல்லை. குளிர் வேறு, புயல் வேறு. இரண்டும் காட்டிய குறை ஒன்றே.

தானே இயங்கும் சாதனங்களை நான் குறை கூறவில்லை. அவை ஆண்டின் 360 நாட்களில் நம்மினும் நன்றாகக் காவல் புரிகின்றன. எஞ்சிய சில நாட்களுக்காகவே, அந்தச் சாதனம் எதனை நம்பி நிற்கிறது என்ற கேள்வியை நாம் கேட்டுவைக்க வேண்டியிருக்கிறது. விசை நின்றால் எந்தத் திருகைத் திறப்பது, எந்த வால்வை மூடுவது, கையால் இறைக்கத்தக்க நீர் எங்கே உள்ளது என்பவற்றை, வெயில் காயும் நல்ல நாளிலேயே அறிந்துகொள்ள வேண்டும். இருட்டில் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு கற்கத்தக்க பாடம் அன்று அது.

பௌதிகப் புத்தகத்தில், நீர் உறையும்போது விரியும் என்ற ஒற்றை வரியைப் பரீட்சைக்காக நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த வரியின் பொருளை அறிந்து அரை மணி நேரம் கைகளை அசைத்தவர்களின் யந்திரங்கள் டெக்சாஸில் தப்பின. உங்கள் வீட்டிலும் ஒரு மோட்டார் இருக்கும். ஒரு தொட்டி இருக்கும். சில வால்வுகள் இருக்கும். அவற்றில் எது எதனை மூடும், எது எதனைத் திறக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், அடுத்த புயலுக்கு முன்னே வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பெரியவர்களைக் கேட்டு, தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.